வாசகர் கேள்வி – பதில்: வலயம் சேர்மத்தினதா, செப்பு உப்பினதா?

கேள்வி: சலிசிலல்டிஹைட்டையும் எதிலீன்டயமீனையும் கொண்டு 'சேலன்' இணையி (உலோகத்துடன் பிணையும் மூலக்கூறு) செய்து, அதைச் செப்பு அசற்றேற்றுடன் சேர்த்துச் சிக்கற்சேர்மம் எடுத்தேன். ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் பற்றீரியாவுக்கு 14 மி.மீ. தடைவலயம் (சேர்மம் ஊறிய தாள் வட்டைச் சுற்றிப் பற்றீரியா வளராத வளையம்), ஈ.கோலை பற்றீரியாவுக்கு ஒன்றுமில்லை. திரும்பச் செய்தால் அளவு மாறுகிறது. 'பற்றீரியா எதிர்ப்பு உண்டு' என்று அறிக்கையில் எழுதலாமா?
– பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். செப்பு உப்பு தனித்தே பற்றீரியாவைத் தடுக்கும். மிஞ்சிய செப்பு அசற்றேற்று ஒட்டியிருந்தால் நீங்கள் அளந்தது அதன் வலயமாக இருக்கலாம். வடித்தெடுத்த சேர்மத்தை வெந்நீரால் கழுவுங்கள். கழுவிய நீரில் சில துளி அமோனியா விட்டதும் கடும் நீலம் வந்தால் இன்னும் கழுவ வேண்டும். பிறகு குளிர்ந்த எதனோலால் கழுவி உலர்த்துங்கள்.

ஒப்பீட்டை மூல் கணக்கில் வையுங்கள். 10 மி.கி. சிக்கற்சேர்மத்துக்கு (மூலர்த்திணிவு 329.8) ஈடானது 8.1 மி.கி. சேலன், 6.05 மி.கி. செப்பு அசற்றேற்று ஓரைதரேற்று. மூன்றையும் ஒரே கனவளவு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, ஒரே தட்டில், வெறும் டிஎம்எஸ்ஓ வட்டு, ஜென்டாமைசின் (பற்றீரியாவைத் தடுக்கும் மருந்து) 10 மைக்ரோகிராம் வட்டு ஆகியவற்றுடன் வையுங்கள். உப்பின் வலயத்தைச் சிக்கற்சேர்மம் தாண்டாவிட்டால் இணையியால் பயன் வந்ததென்று சொல்ல இடமில்லை.

அளவு மாறுவதற்குப் பெரும்பாலும் தட்டுத்தான் காரணம். முல்லர்-ஹின்ரன் ஏகார் (பற்றீரியா வளர்க்கும் களி ஊடகம்) 4 மி.மீ. தடிப்பில் இருக்க வேண்டும், 90 மி.மீ. தட்டுக்குச் சுமார் 25 மி.லீ. ஊற்றுங்கள். மெல்லியதானால் வலயம் பெருக்கும், தடித்தால் சிறுக்கும். பற்றீரியாத் தொங்கலை (நீர்மத்தில் கலந்த பற்றீரியா) 0.5 மக்பார்லண்ட் என்ற நியமக் கலங்கலுக்குச் சரிபார்த்து, 15 நிமிடத்துக்குள் பூசுங்கள். மாரி காலத்தில் மூடியின் உட்புறம் வியர்த்து நீர் சொட்டும். பூசுமுன் தட்டை உலர விடுங்கள். வட்டே 6 மி.மீ. என்பதால் 6 என்று வந்தால் வலயம் இல்லை என்று பொருள்.

ஈ.கோலை முடிவை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். இந்தச் சேர்மம் நீரில் கரைவது அரிது, ஏகாருக்குள் பரவாமல் வட்டருகிலேயே படிந்துவிடும். ஆகவே குழம்பு ஊடகத்தில், 96 குழித்தட்டில் இருமடங்கு ஐதாக்கலாக (குழிக்குக் குழி செறிவைப் பாதியாக்கி) இழிவுத் தடைச்செறிவை, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைப் பாருங்கள்: மி.லீ.க்கு 5 இலட்சம் கலங்கள், டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்துக்கு மேற்படாமல். வீழ்படிவும் பற்றீரியா வளர்ந்ததுபோலக் கலங்கித் தெரியும். அதனால் ரெசசூரின் என்ற சாயத்தைச் சேருங்கள் (வளர்ச்சியிருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும்). பற்றீரியா இல்லாத, சேர்மம் மட்டுமுள்ள குழிகளும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: இதைப் பாடசாலை ஆய்கூடத்தில் செய்து காட்டலாமா?
– உயர்தர ஆசிரியர், கொக்குவில்

பதில்: சேர்மத்தைத் தயாரித்துக் காட்டலாம், புகைபோக்கி வேண்டும். ஸ்டஃபிலோகொக்கஸ் வளர்ப்பு வேண்டவே வேண்டாம். அதற்கு உயிர்ப்பாதுகாப்பு அலமாரியும், தட்டுகளை 121 பாகையில் அவித்து அகற்றும் வசதியும் தேவை. செப்புக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் போத்தலில் சேருங்கள்.