பிரேசிலின் ராணுவ அதிபர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லத்தீன் அமெரிக்க ராணுவ ஆட்சிகளைப் பற்றிச் சில மாதங்களாக வாசித்துவருகிறேன். சிலியில் பினோஷே ஒருவரே 1973 முதல் 1990 வரை ஆண்டார். பிரேசிலிலோ 1964 முதல் 1985 வரை ஐந்து ஜெனரல்கள் அடுத்தடுத்து அதிபராக இருந்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் இருந்தது, தேர்தல்கள் நடந்தன, எதிர்க்கட்சியும் இருந்தது. அப்படியிருக்க, அதைச் சர்வாதிகாரம் என்று அழைப்பது மிகையாகாதா? அங்கு நடந்த சித்திரவதைகளுக்கு அதிபர்களைப் பொறுப்பாக்க முடியுமா, அல்லது அவை கீழ்நிலை அதிகாரிகள் கட்டுமீறிச் செய்தவையா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மிகையாகாது. அந்த 21 ஆண்டுகளும் பிரேசிலில் நடந்தது சர்வாதிகாரம்தான். அதைத் தனியொருவர் நடத்தாமல் ராணுவத்தின் உயர்மட்டமே கூடி நடத்தியது. அதிபர்களுக்குப் பதவிக்கால வரம்பு இருந்தது உண்மை. அந்த வரம்பை விதித்தவர்கள் சக ஜெனரல்கள். பக்கத்து நாடான பராகுவேயில் 1954 முதல் சர்வாதிகாரி ஸ்த்ரோஸ்னர் அமர்ந்திருந்ததைப் போலத் தங்களில் ஒருவர் நிரந்தரமாக அமர்ந்துவிட்டால், மற்றவர்கள் மேலே செல்லும் வழி அடைபட்டு ராணுவமே பிளவுபடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். குடிமக்களின் உரிமைக்கும் அந்த வரம்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

சட்டத்தின் தோற்றத்தைக் காப்பாற்றும் பழக்கம் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. 1964 ஏப்ரல் 2 அதிகாலையில் கூடிய நாடாளுமன்றத்தில் செனட் தலைவர் ஔரோ தெ மோரா ஆந்திராதே, அதிபர் பதவி காலியாகிவிட்டதாக அறிவித்தார். அந்த நேரத்தில் அதிபர் ஜோவாங் கூலார்த் நாட்டை விட்டுப் போயிருக்கவில்லை. தெற்கே போர்த்தோ அலெக்ரே நகரில் இருந்தார். ஒன்பது நாட்களுக்குப் பின் அதே நாடாளுமன்றம் ஜெனரல் காஸ்தெலோ பிராங்கோவை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு வாக்களித்தவர்களில் பிரேசிலியா நகரத்தை உருவாக்கிய முன்னாள் அதிபர் ஜுசெலினோ குபிட்செக்கும் ஒருவர். 1965-இல் நடக்கவிருந்த அதிபர் தேர்தலில் வெல்லக்கூடியவர் என்று பேசப்பட்டவர் அவர். இரண்டு மாதங்களுக்குள் அவருடைய செனட் பதவியும் பத்தாண்டுகளுக்கான அரசியல் உரிமைகளும் பறிக்கப்பட்டன. அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை.

தேர்தல்கள் நடந்தன என்கிறீர்கள். அவற்றின் முடிவு ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காதபோதெல்லாம் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1965 அக்டோபரில் குவானபாரா, மினாஸ் ஜெராய்ஸ் ஆகிய முக்கிய மாநிலங்களின் ஆளுநர் தேர்தல்களில் எதிரணியினர் வென்றார்கள். அந்த மாதமே இரண்டாம் நிறுவன ஆணை (அரசியலமைப்பையே மீறி ராணுவ அரசு பிறப்பித்த ஆணைகளின் பெயர் அது) பிறப்பிக்கப்பட்டு, இருந்த கட்சிகள் எல்லாம் கலைக்கப்பட்டு, அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் ஒழிக்கப்பட்டது. நீங்கள் குறிப்பிடும் எதிர்க்கட்சி அதன் பிறகு ஆட்சியின் அனுமதியோடு உருவானது. 1974-இல் அந்தக் கட்சியே செனட்டில் தேர்தல் நடந்த 22 இடங்களில் 16-ஐ வென்ற பிறகு, 1977 ஏப்ரலில் அதிபர் கெய்செல் நாடாளுமன்றத்தை மூடிவிட்டு விதிகளை மாற்றினார். செனட்டர்களில் ஒரு பகுதியினர் இனி மறைமுகமாகவே தேர்ந்தெடுக்கப்படுவார்கள் என்பது அந்த மாற்றங்களில் ஒன்று. மக்கள் அவர்களை 'பயோனிக் செனட்டர்கள்', அதாவது செயற்கையாக உருவாக்கப்பட்டவர்கள், என்று அழைத்தார்கள்.

அதிகாரம் உண்மையில் எங்கே இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள 1968 டிசம்பர் 13-ஆம் தேதியைக் கூர்ந்து பார்க்கலாம். ராணுவத்தை விமர்சித்துப் பேசிய மார்சியோ மொரேய்ரா ஆல்வெஸ் என்ற உறுப்பினர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டது அரசு. முந்தைய நாள் கீழவை அதை 216-க்கு 141 என்ற வாக்குகளில் மறுத்திருந்தது. மறுநாள் ரியோவின் லரன்ஜெய்ராஸ் மாளிகையில், காஸ்தெலோ பிராங்கோவுக்கு அடுத்து வந்த அதிபர் கோஸ்தா எ சில்வா தேசியப் பாதுகாப்பு மன்றத்தைக் கூட்டி, ஐந்தாம் நிறுவன ஆணையின் வரைவை முன்வைத்து, ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டார். அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. துணை அதிபர் பெத்ரோ அலேய்ஷோ மட்டும் எதிர்த்துப் பேசினார். அரசியலமைப்பிலேயே இடமுள்ள நெருக்கடி நிலையை அறிவித்தால் போதும் என்றார். தொழிலாளர் அமைச்சர் ஜார்பாஸ் பசரீன்யோ, மனசாட்சியின் தயக்கங்கள் அனைத்தும் இந்தத் தருணத்தில் தொலையட்டும் என்ற பொருளில் பேசி ஆதரவு தெரிவித்தார். அன்றிரவே ஆணை வெளியாயிற்று. நாடாளுமன்றம் மூடப்பட்டது, அரசியல் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யும் உரிமை நிறுத்தப்பட்டது, அந்த ஆணையின்படி செய்யப்படும் எதையும் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றாயிற்று. அடுத்த மாதம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவர் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். கைதானவர் எங்கே என்று கேட்க எந்த நீதிமன்றமும் இல்லாத நாட்டில் விசாரணை அறையில் எதுவும் நடக்கலாம் என்பது, அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

எதிர்த்துப் பேசிய அலேய்ஷோவுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1969 ஆகஸ்டு இறுதியில் கோஸ்தா எ சில்வா பக்கவாதத்தால் செயலிழந்தார். ஜெனரல்களே எழுதவைத்த 1967 அரசியலமைப்பின்படி துணை அதிபர்தான் பொறுப்பேற்றிருக்க வேண்டும். முப்படை அமைச்சர்கள் மூவரும் இன்னோர் ஆணையைப் பிறப்பித்து அதிகாரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். பிறகு ராணுவத்துக்குள் ஒரு 'கலந்தாலோசனை' நடந்தது; வாக்களித்தவர்கள் தளபதிகள் மட்டுமே. இளநிலை அதிகாரிகளிடையே செல்வாக்குப் பெற்றிருந்த அல்புகெர்கே லிமா, நான்கு நட்சத்திர ஜெனரல் அல்லர் என்று ஒதுக்கப்பட்டார். எமிலியோ மெதிசி தேர்வானார். பத்து மாதங்களுக்கு மேல் மூடிக் கிடந்த நாடாளுமன்றத்தைத் திறந்து, அக்டோபர் 25-இல் அவரை முறைப்படி தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். நாட்டின் அதிபர் யார் என்பது ராணுவப் பதவி மூப்புப் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்யப்பட்டது.

மெதிசியின் ஆட்சி ஆண்டுகளே மிகக் கொடியவை. பொருளாதாரம் வேகமாக வளர்ந்ததும், பிரேசில் 1970-இல் உலகக் கோப்பையை வென்றதும், சிறைகளில் சித்திரவதை உச்சத்தை எட்டியதும் அவர் காலத்தில்தான். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல அவருக்கு அடுத்து வந்த எர்னெஸ்தோ கெய்செலே பொருத்தமானவர், ஏனென்றால் ஆட்சியை மெதுவாகத் தளர்த்தியவர் என்று நல்ல பெயர் பெற்றவர் அவர்.

அந்தப் பெயருக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1975 அக்டோபரில் பத்திரிகையாளர் விளாதிமிர் ஹெர்சோக் சாவ் பாவ்லோவின் ராணுவ விசாரணைக் கூடத்தில் கொல்லப்பட்டார். தற்கொலை என்று அறிவித்தார்கள். மூன்று மாதங்களில் அதே இடத்தில் மனுவேல் ஃபியேல் ஃபில்யோ என்ற தொழிலாளி இறந்தபோது, அந்தப் பகுதியின் ராணுவத் தளபதியைக் கெய்செல் பதவியிலிருந்து நீக்கினார். 1977 அக்டோபர் 12-இல், தன்னை மீறி அடுத்த அதிபராக முயன்ற ராணுவ அமைச்சர் சில்வியோ ஃப்ரோத்தாவையும் நீக்கினார். ஃப்ரோத்தா தளபதிகளை அவசரமாகத் தலைநகருக்கு அழைத்தார். கெய்செலின் ஆட்கள் விமான நிலையத்திலேயே காத்திருந்து அவர்களை அதிபர் மாளிகைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். ஒரே நாளில் எல்லாம் முடிந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? தளபதியையும் அமைச்சரையும் ஒரு கையெழுத்தில் நீக்கக்கூடிய அதிபருக்கு விசாரணைக் கூடங்களையும் நிறுத்தும் அதிகாரம் இருந்தது. கீழே இருந்தவர்கள் கட்டுமீறினார்கள் என்ற வாதத்தை கெய்செலின் துணிச்சலே பொய்யாக்குகிறது. அதைவிட வலுவான சான்று 2018-இல் கவனத்துக்கு வந்தது. 1974 ஏப்ரல் 11 தேதியிட்டு, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வின் இயக்குநர் கோல்பி வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சருக்கு எழுதிய குறிப்பு அது. பதவியேற்ற சில நாட்களிலேயே கெய்செலைச் சந்தித்த ராணுவ உளவுப் பிரிவினர், முந்தைய ஓராண்டு அளவில் 104 பேரை விசாரணையின்றிக் கொன்றதாகத் தெரிவித்தார்கள் என்றும், 'ஆபத்தானவர்கள்' விஷயத்தில் மட்டும் அதைத் தொடரலாம், ஒவ்வொரு முறையும் தேசிய உளவுத் துறைத் தலைவரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று கெய்செல் முடிவுசெய்தார் என்றும் அதில் இருக்கிறது. அந்த உளவுத் துறைத் தலைவரின் பெயர் ஜோவாங் ஃபிகெய்ரெதோ. 1979-இல் கெய்செல் தன் வாரிசாகத் தேர்ந்தெடுத்து அதிபராக்கியது அவரைத்தான்.

ஃபிகெய்ரெதோ பதவியேற்ற ஆண்டிலேயே பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. நாடு கடந்து வாழ்ந்தவர்கள் திரும்பினார்கள், கைதிகள் வெளியே வந்தார்கள். அந்த மகிழ்ச்சியின் நடுவே சித்திரவதை செய்தவர்களுக்கும் அதே சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. 2010-இல் பிரேசில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. இளம் வயதில் சிறையில் சித்திரவதைக்கு உள்ளான தில்மா ரூசெஃப் அதிபரான பிறகு அமைத்த தேசிய உண்மை ஆணையம், 2014 டிசம்பரில் அளித்த அறிக்கையில் கொல்லப்பட்டோரும் காணாமற்போனோருமாக 434 பேரின் பெயர்களைப் பதிவுசெய்தது. பொறுப்பாளர்கள் என்று அது குறிப்பிட்ட 377 பேரில் ஐந்து ராணுவ அதிபர்களும் இருக்கிறார்கள். அவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஃபிகெய்ரெதோ அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1999-இல், எந்த நீதிமன்றத்திலும் நிற்காமல் இறந்துபோயிருந்தார்.