ரேம் வாங்குமுன் பெருக்கலைப் பாருங்கள்
வணக்கம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நீரேந்துப் பகுதியின் உயரத் தரவை 60,000 வரிசை, 40,000 நிரல் கொண்ட அணியாக ஏற்றும்போது உங்கள் சி++ செய்நிரல் ‘பேட் அலொக்’ (நினைவகம் ஒதுக்க முடியவில்லை) என்ற வழுவுடன் நின்றுவிடுவதாகவும், சிறிய மாதிரித் தரவில் ஒழுங்காக ஓடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். புதிய ரேம் வாங்க வவுனியாவுக்குப் புறப்படுமுன் செய்நிரலில் நினைவகம் ஒதுக்கும் வரியைப் பாருங்கள். வரிசை, நிரல் இரண்டின் எண்ணிக்கையையும் ‘இன்ட்’ எனும் முழு எண் வகையாக அறிவித்திருக்கிறீர்கள். அவற்றின் பெருக்கம் 2,400 மில்லியன், ஆனால் 32 பிட் ‘இன்ட்’ ஏறத்தாழ 2,147 மில்லியனுக்கு மேல் கொள்ளாது என்பதால், விடை பெரும்பாலும் எதிர்மறையாகி, பின்னர் எதிர்மறையைக் கொள்ளாத ‘சைஸ்_டி’ எனும் அளவெண் வகையாக மாறும்போது எந்தக் கணினியும் தரமுடியாத பிரமாண்டத் தொகையாகிவிடுகிறது. பெருக்கிய பின் விடையை ‘சைஸ்_டி’ ஆக மாற்றுவதில் பயனில்லை. பெருக்குவதற்கு முன்பே ஒரு காரணியை மாற்றவேண்டும். பிழைநீக்கத் தகவலோடு ‘அன்டிஃபைன்ட் பிஹேவியர் சனிடைசர்’ எனும் வழு கண்டறியும் வசதியையும் சேர்த்துத் தொகுத்தால் வழு நிகழும் வரி எண்ணையே அது காட்டும்.

ஆயினும் அதோடு முடியாது. ஒரு கலத்துக்கு 8 பைட் கொள்ளும் ‘டபிள்’ எனும் தசம எண் வகை என்றால் 19.2 கிகாபைட் தேவை. உங்கள் 8 கிகாபைட் மடிக்கணினிக்கு அது ஆகாது. உயரத்தை முழு மீட்டரில் 16 பிட் எண்ணாக வைத்தால் 4.8 கிகாபைட் போதும், ஆனால் வரிசை வரிசையாக வாசித்துக் கணிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.