முந்தைய இரவே சமைத்த மட்டன் குழம்பும் சில லட்சம் ரூபாய்க் கோப்பும்

கேள்வி: சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலின் விருந்துச் சமையலறைக்கு நான் பொறுப்பாளர். எண்ணூறு பேருக்கான திருமண வரவேற்பு என்றால் மட்டன் குழம்பை முந்தைய இரவே சமைத்து, பெரிய தேக்சாவோடு வாக்-இன் கூலர் எனப்படும் குளிரறைக்குள் தள்ளிவிடுகிறோம். ஆய்வுக்கு வந்தால் உரிமம் உடனே ரத்தாகிவிடும் என்று ஓர் ஆலோசகர் கூறுகிறார். உணவுப் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 22000 சான்றிதழையும் அதற்கான கோப்புகளையும் தானே தயாரித்துத் தருவதாகச் சொல்லிச் சில லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஆனால் தேக்சாவோடு உள்ளே தள்ளும் வழக்கத்தை இன்றிரவே நிறுத்துங்கள். வாக்-இன் கூலர் என்பது குளிர்ந்த பொருளைக் குளிர்ச்சியாகவே வைத்திருப்பதற்கானது. கொதித்து இறங்கிய குழம்பை ஆற வைக்கும் திறன் அதற்குக் கிடையாது. தேக்சாவின் ஓரம் சில்லிட்டிருக்கும்போது நடுப்பகுதி விடிந்த பிறகும் வெதுவெதுப்பாகவே இருக்கும். இறைச்சியோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜன்ஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. 43 முதல் 47 டிகிரி வரையிலான அந்த வெதுவெதுப்பில் அவை முளைத்து, சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியவை.

குழம்பை இறக்கியதும் இரண்டு அங்குல ஆழத்துக்கு மிகாமல் அகலமான எஃகுத் தட்டுகளில் ஊற்றி, விரைவாகக் குளிர்விக்கும் பிளாஸ்ட் சில்லரிலோ ஐஸ் தண்ணீரின் மேலோ வையுங்கள். கெட்டியான குழம்பின் ஆழம் இரட்டித்தால் ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், கூடுதல் தட்டுகள் வாங்குவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பெரும் அளவில் சமைப்போருக்கான கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) நெறிமுறையின்படி, உணவின் நடுப்பகுதி 60 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அதன் பிறகுதான் அதற்குக் கூலரில் இடம். மறுநாள் நடுப்பகுதி 75 டிகிரியை எட்டும்வரை அடுப்பிலேயே சூடாக்குங்கள். பரிமாறும் மேசையில் உள்ள வெந்நீர்த் தொட்டி சூட்டை 60 டிகிரிக்குக் குறையாமல் காக்கத்தான் உதவும், சூடாக்க உதவாது.

மறுபடி சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்குச் சோறு விலக்கு என்பதை மட்டும் உங்கள் சமையலாட்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லிவையுங்கள். ஃபிரைடு ரைஸுக்கு நேற்றைய சோறுதான் உதிரியாக வரும் என்று அதை வெளியிலேயே ஆறப் போடும் பழக்கம் பெரிய ஓட்டல்களிலும் இருக்கிறது. அந்தச் சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரந்துவிட்டால், 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. நுண்ணுயிரி சாகும், நஞ்சு அப்படியே நிற்கும். வாணலியின் எந்தத் தீயும் அதை அழிக்காது. உண்டவருக்கு அரை மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கலாம். அதாவது, வரவேற்பு முடிவதற்குள்ளேயே. எனவே நேற்றைய சோறு வேண்டுமென்றால், அதையும் குழம்பைப் போலவே மெல்லிய அடுக்காகப் பரப்பி, உடனே குளிர்வித்து வைத்திருக்க வேண்டும்.

இனி ஆலோசகரைப் பற்றி. ஐ.எஸ்.ஓ. 22000 நல்ல மேலாண்மை முறைதான். ஆனால் உரிமத்துக்கு அது சட்டம் விதித்த நிபந்தனை அன்று. உங்களுக்குத் தேவையானவை உணவு பாதுகாப்புத் துறையின் உரிமம், உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் உள்ள சுகாதார நெறிகள், உணவைக் கையாளும் இருபத்தைந்து பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் போன்றவையே. 2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, பொதுச் சுகாதாரம் கருதி உடனே நிறுத்திவைக்க வேண்டிய நிலை இருந்தாலன்றி, முதலில் வருவது மேம்பாட்டு அறிவிப்பு. குறைகளைச் சரிசெய்யக் குறைந்தது 14 நாட்கள் தர வேண்டும். அதிகாரிகள் உணவு மாதிரி எடுத்தால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் தரகர்களையும் அண்டவிடாதீர்கள். மாதிரி நான்கு பகுதியாகப் பிரிக்கப்படும். அதில் ஒன்றை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பக் கோருவது உங்கள் உரிமை. அதை அப்போதே எழுத்தில் கோருங்கள்.

இந்த ஆலோசகர் உங்கள் கூலரைத் திறந்து பார்த்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் தணிக்கை செய்த ஓர் ஓட்டலில், கூலர் பழுதாகிக் கிடந்த மூன்று நாட்களுக்கும் '4 டிகிரி' என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் அந்தப் பதிவேடு பாராட்டும் பெற்றிருந்தது. பகலில் வந்து கோப்பைப் புரட்டுவதையே ஆய்வு என்று நடத்தும்வரை, நள்ளிரவில் குழம்பு எப்படி ஆறுகிறது என்பதைப் பார்க்க யாரும் இருக்கப்போவதில்லை. வரவேற்பறைப் பூக்களுக்கு வாரந்தோறும் செலவழிக்கும் நிர்வாகங்கள் ஒரு வெப்பமானிக்குக் கையெழுத்திட மாதக்கணக்கில் யோசிப்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆலோசகருக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் தட்டுகளும், உணவுக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானிகள் மூன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இரவுப் பணியில் இருப்பவர், தட்டின் நடுவில் குத்திப் பார்த்த அளவையும் நேரத்தையும் தானே எழுதட்டும். வாரம் ஒருமுறை வெப்பமானியை ஐஸும் நீரும் கலந்த குவளையில் வைத்துப் பாருங்கள். 0 டிகிரியிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகினால், அதைச் சரிசெய்யும்வரை பயன்படுத்த வேண்டாம்.