ரேக் அடுக்கவா எம்பிஏ சேர்ந்தேன்?

கேள்வி: கோவையில் எம்பிஏ முதலாம் ஆண்டு முடித்திருக்கிறேன். நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தில் எட்டு வார இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ஹெட் ஆபீஸில் மார்க்கெட்டிங் பிரிவில் போடுவார்கள் என்று நினைத்தேன். அனுப்பியது கடைக்கு. மூன்று வாரமாக ரேக் அடுக்குகிறேன், எக்ஸ்பைரி தேதி பார்க்கிறேன், ஸ்டாக் எண்ணுகிறேன். நாள் முழுக்க நிற்பதால் ராத்திரி கால் வீங்கிவிடுகிறது. அங்கே வேலை செய்யும் அக்காக்கள் "வாங்க டிரெய்னி மேடம்" என்று கிண்டல் செய்கிறார்கள். மேனேஜரிடம் கேட்டால் "பார்த்துக் கத்துக்கம்மா" என்கிறார். என் தோழி ஐடி கம்பெனியில் ஏசி அறையில் உட்கார்ந்து இன்டர்ன்ஷிப் செய்கிறாள். காலேஜ் கைடோ, நூறு வாடிக்கையாளரிடம் கேள்வித்தாள் கொடுத்து ரிப்போர்ட் எழுதச் சொல்கிறார். பாதியில் விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: விடாதீர்கள். ஆனால் மிச்சமுள்ள ஐந்து வாரமும் இப்படியே போகவும் விடாதீர்கள்.

தோழியின் ஏசி அறையை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். அங்கே அவள் என்ன செய்கிறாள் என்பது நமக்குத் தெரியாது. பாதி நாள் லாகின் ஐடி வருவதற்காகக் காத்திருக்கிறாளோ என்னவோ.

உங்களைக் கடைக்கு அனுப்பியதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. மேனேஜராக எடுப்பவர்களைக்கூட முதலில் சில மாதம் கடையில் நிற்க வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். தப்பு எங்கே என்றால், எதைப் பார்க்க வேண்டும் என்று யாருமே உங்களிடம் சொல்லாததில் இருக்கிறது. "பார்த்துக் கத்துக்கம்மா" என்றால் எதைப் பார்ப்பது? மேனேஜர் சொல்லாததால் நான் ஒன்று சொல்கிறேன்.

ஸ்டாக் எண்ணும்போது ஒரு விஷயம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கையிலிருக்கும் ஸ்கேனரில் அடித்துப் பார்த்தால் எலுமிச்சை சோப்பு 11 இருக்கிறது என்று காட்டும். ரேக்கில் ஒன்றுகூட இருக்காது. குடோனில் தேடினாலும் கிடைக்காது. மூன்று வாரத்தில் இதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள், "சிஸ்டம் தப்பு" என்று யாராவது சொல்ல, நகர்ந்திருப்பீர்கள். அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

அந்த 11 எங்கிருந்து வந்தது? பில்லிங் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு அம்மா நாலு சோப்பு எடுத்து வருகிறார். இரண்டு சந்தனம், இரண்டு எலுமிச்சை, எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே விலை. பின்னால் ஏழெட்டு டிராலி நிற்கிறது. கேஷியர் ஒரு சந்தன சோப்பை மட்டும் ஸ்கேன் செய்து, எண்ணிக்கையில் 4 என்று தட்டிவிடுகிறார். பில் தொகை சரி. அந்த அம்மாவுக்கு நஷ்டமில்லை, ராத்திரி கல்லாவும் டேலி ஆகிவிடும். ஆனால் பார்கோடில் இருக்கும் 13 இலக்கம் சந்தனத்துக்கு ஒன்று, எலுமிச்சைக்கு வேறொன்று. விலை ஒன்றானாலும் கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சரக்கு. அதன் கணக்கில் சந்தனத்தில் நாலு போய்விட்டது, எலுமிச்சையில் எதுவுமே குறையவில்லை.

இப்படியே சில மாதம் ஓடினால் எலுமிச்சை சோப்பு ரேக்கில் தீர்ந்துபோயிருக்கும், கணினியில் மட்டும் உயிரோடு இருக்கும். பெரிய நிறுவனங்களில் பெரும்பாலான சரக்குக்கு ஆர்டர் போடுவது மனிதர் இல்லை. இருப்பு ஒரு அளவுக்குக் கீழே வந்தால் தானாக ஆர்டர் போகும். 11 இருக்கிறது என்று கணினி நம்புவதால் ஆர்டர் போகாது. ஆர்டர் போகாததால் சரக்கு வராது. சரக்கு வராததால் விற்காது. ஹெட் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் திரையில் என்ன பார்ப்பார்? "இந்தக் கடையில் எலுமிச்சை சோப்பு ரெண்டு மாதமாக ஒன்றுகூட விற்கவில்லை, இந்த ஊரில் கிராக்கி இல்லை." அடுத்த பட்டியலில் அந்த சோப்பையே எடுத்துவிடுவார். கோவைக்காரர்களுக்கு எலுமிச்சை வாசனை பிடிக்காது என்றுகூட யாராவது ஒரு பிரசன்டேஷனில் சொல்லிவிடுவார். நீங்கள் உட்கார ஆசைப்பட்ட மார்க்கெட்டிங் மேஜைக்குப் போய்ச் சேருவது இந்த எண்தான்.

காரணம் இது ஒன்றுதான் என்றில்லை. லோடு இறங்கும்போதே பெட்டியில் ரெண்டு குறைவாக வந்திருக்கலாம், எண்ணாமல் முழுசாக வரவு வைத்திருப்பார்கள். உடைந்த பாட்டிலை டேமேஜில் எழுதாமல் தூக்கிப் போட்டிருக்கலாம். திருடு போயிருக்கலாம். வாடிக்கையாளர் ஷாம்புவை எடுத்துப் போய் மனசு மாறி பிஸ்கட் ரேக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எல்லாமே கடைசியில் "ஷ்ரிங்கேஜ்" (கணக்கில் இருந்தும் கையில் இல்லாத சரக்கு) என்ற ஒரே தலைப்பில் போய் உட்காரும், எல்லோரும் திருட்டைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

சரி, இதை வைத்து என்ன செய்வது? உங்கள் பிரிவில் நூறு பொருளைத் தேர்ந்தெடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டால் நல்லது, அதில் எவை ரேக்கில் காலி என்று குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் கணினி என்ன சொல்கிறது, குடோனில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை மூன்று வகையாகப் பிரியும். கணினியிலும் பூஜ்யம் என்றால் ஆர்டரிலோ சப்ளையிலோ கோளாறு. குடோனில் இருந்தும் ரேக்குக்கு வரவில்லை என்றால் கடைக்குள் ஆள் பற்றாக்குறையோ அசிரத்தையோ. கணினியில் இருந்தும் எங்கேயுமே இல்லை என்றால் நம் எலுமிச்சை சோப்பு. மூன்றுக்கும் பொறுப்பானவர்கள் வேறு வேறு ஆட்கள், மருந்தும் வேறு வேறு. எது எவ்வளவு என்று எண்ணிக்கையோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் எந்த ஸ்டோர் மேனேஜரும் உட்கார்ந்து படிப்பார், ஏனென்றால் அவருடைய சேல்ஸ் டார்கெட் அங்கேதான் கசிகிறது.

உங்கள் கைடு விஷயத்துக்கு வருவோம். "வாடிக்கையாளர் திருப்தி குறித்த ஓர் ஆய்வு: கோவை மாநகரைச் சிறப்பாக முன்னிறுத்தி" என்ற தலைப்பில் நம் கல்லூரி நூலகங்களில் எத்தனை ரிப்போர்ட் பைண்டு செய்து தூங்குகிறது! நூறு பேரில் பாதியைத் தோழிகளே ஹாஸ்டலில் உட்கார்ந்து டிக் அடித்துக் கொடுப்பதும் அவருக்குத் தெரியும். அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவருக்குத் தேவை அட்டவணை, வரைபடம், ஒரு கை-ஸ்கொயர் டெஸ்ட் (இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை). அதை இந்தத் தகவலிலேயே போடலாம். ரேக் காலியான காரணத்துக்கும் பொருளின் வகைக்கும் தொடர்பு உண்டா என்பது கை-ஸ்கொயருக்கு அளவெடுத்துத் தைத்த கேள்வி. முதல் வாரத்துத் தகவலைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள். வெறும் வாயால் கேட்டால் "கேள்வித்தாளே போதும்மா" என்பார்.

மேனேஜரிடம் பேசுவதற்கும் நேரம் காலம் உண்டு. மாதத்தின் முதல் வாரம் சம்பளக் கூட்டம், சனி ஞாயிறு குடும்பக் கூட்டம். அப்போது போய் "சார், எனக்கு எக்ஸ்போஷர் வேணும்" என்று நின்றால் உங்களைக் கேரி பேக் கவுன்டரில் நிறுத்திவிடுவார். மாத நடுவில், செவ்வாய் புதனாகப் பார்த்து, மத்தியானம் மூன்று மணி வாக்கில் போங்கள். கேட்பதும் குறிப்பாக இருக்கட்டும்: "சார், ரெண்டு நாள் ரிசீவிங்ல நிக்கட்டுமா? லோடு இறங்குறதுல இருந்து ரேக்குக்கு வர்ற வரைக்கும் பார்க்கணும். அப்புறம் ரெண்டு நாள் பில்லிங்." இப்படிக் கேட்கிற டிரெய்னிக்கு மறுப்பு சொல்வது கஷ்டம். வாயால் கேட்டதை அன்றைக்கே மெயிலிலும் போட்டுவிடுங்கள். அதற்கும் மசியாமல் ஐந்தாவது வாரத்திலும் ரேக்தான் என்றால், அவர்களுக்கு வேண்டியது சம்பளமில்லாத ஒரு ஆள் என்று அர்த்தம். கல்லூரி பிளேஸ்மென்ட் அதிகாரியை ஹெச்ஆரிடம் பேசச் சொல்லத் தயங்காதீர்கள்.

அக்காக்களின் கிண்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பக்கமிருந்து பாருங்கள். வருஷா வருஷம் ஒரு எம்பிஏ வருகிறது, எட்டு வாரம் நோட்டில் எழுதுகிறது, போய்விடுகிறது. சில வருஷம் கழித்து அவர்களுக்கே மேலாளராக வந்து நின்றாலும் நிற்கும். "அக்கா, பேர் சொல்லியே கூப்பிடுங்க்கா" என்று நீங்களாகச் சொல்லுங்கள், டிபன் பாக்ஸைத் தனியாகத் திறக்காதீர்கள். பாதி கிண்டல் அங்கேயே நின்றுவிடும். எந்தப் பொருள் கணினியில் மட்டும் இருக்கும் என்று உங்கள் ஸ்கேனருக்கு முன்பே அவர்கள் சொல்வார்கள். இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: அழகுசாதனப் பிரிவில் யூனிஃபார்ம் போட்டு நிற்கும் எல்லோருக்கும் சம்பளம் தருவது இந்தக் கடைதானா? சிலர் பிராண்ட் கம்பெனிகள் அனுப்பிய புரமோட்டர்களாக இருப்பார்கள். அவர்கள் ஏன் ஒரு குறிப்பிட்ட கிரீமையே உங்கள் கையில் திணிக்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

கால் வீக்கம். இதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-ல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும்படி யாரையும் வைக்கக்கூடாது, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா, இருந்தால் அதில் யாராவது உட்காருகிறார்களா என்று கவனியுங்கள். சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. "சார், கூட்டமில்லாத நேரத்துல உட்கார்ந்துக்கலாமா?" என்று எல்லோர் முன்னாலும் ஒருமுறை கேளுங்கள். எட்டு வாரத்தில் போகப்போகும் நீங்கள் கேட்பது சுலபம், அந்த அக்காக்கள் கேட்பது சுலபமில்லை. புது ஷூவைக் கடைக்குப் போட்டுப் போகாதீர்கள், பழகியதே நல்லது. ராத்திரி காலை உயரமாக வைத்துப் படுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, காலையிலும் வீக்கம் வடியாவிட்டாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பாதியில் விடலாம் என்று நானே சொல்லக்கூடிய நிலைமையும் உண்டு. யாராவது அத்துமீறிப் பேசினாலோ தொட்டாலோ, "டிரெய்னிதானே, எங்கே போய்ச் சொல்வது" என்று நினைக்காதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் பயிற்சியாளர்களும் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதே மாதிரி கடிதத்தில் உதவித்தொகை தருவதாகப் போட்டுவிட்டு இழுத்தடித்தாலும் கல்லூரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ரிப்போர்ட்டுக்காக எண்களை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்கேனர் திரையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ லிங்க்ட்இன்னிலோ போட்டுவிடாதீர்கள். விற்பனைத் தொகையை அப்படியே எழுதாமல் சதவீதமாக மாற்றுங்கள், மேனேஜரிடம் காட்டி சரி வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழுக்கு ஏழாவது வாரமே ஹெச்ஆருக்கு மெயில் போடுங்கள், மேனேஜருக்கும் ஒரு காப்பி. கடை மேனேஜர்களை ஒரே நாளில் வேறு கிளைக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் கையெழுத்துக்காகத் திருப்பூருக்கும் சேலத்துக்கும் அலைய வேண்டிவரும், அதற்குள் வைவா (வாய்மொழித் தேர்வு) தேதி வந்துவிடும்.