அப்பாவின் மினி காரும் ஒரு பிளாஸ்டிக் கிட்டும்

கேள்வி: அப்பாவிடம் ஒரு காலத்தில் இளநீல மினி கார் இருந்தது. அவருடைய பிறந்தநாளுக்கு அதை பிளாஸ்டிக் மொடலாகச் செய்து கொடுக்க ஆசை. தமியா என்ற ஜப்பான் கம்பனியின் 1/24 மினி கூப்பர் ராலி கிட்டை, அதாவது துண்டு துண்டாக வரும் பாகங்களை நாமே ஒட்டிச் செய்யும் பெட்டியை, பார்த்து வைத்திருக்கிறேன். கார் தரையிலிருந்து நிற்கும் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, நீலம் அடிக்க வேண்டும். ஜப்பானிலிருந்து பெயின்ட், பசை எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கலாமா? இதே கிட்டின் பழைய பெட்டி ஒன்றும் பாதி விலைக்கு வருகிறது.
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: கிட்டை மட்டும் எடுங்கள். ஸ்பிரே டின்னும் பிளாஸ்டிக் பசையும் தீப்பற்றக்கூடியவை; சாதாரண விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். மலிவு என்று முடிவெடுக்க முன் கணக்கையும் பாருங்கள். சாமான் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் சுங்கம் வரி போடும், வற் மட்டுமே 18 வீதம். கொழும்பில் யாராவது விற்றால் அந்த விலையோடு ஒப்பிட்டுவிட்டு ஓடர் செய்யுங்கள்.

பழைய பெட்டி வேண்டாம். இலக்க ஸ்டிக்கர் மஞ்சளித்திருக்கும். சில பழைய கிட்களில் மெதுரப்பர் டயர் பட்ட இடத்தில் பிளாஸ்டிக்கே உருகியிருக்கும். முதல் கிட்டுக்கு அந்தத் தலையிடி எதற்கு?

பசைக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் மெல்லிய பசைதான் வேண்டும். சுப்பர் குளூ ஆவி பட்டால் கண்ணாடித் துண்டுகளில் வெள்ளையாகப் படியும். கண்ணாடிக்குப் பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் தெளிந்துவிடும்.

பெயின்டுக்கு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாகன பெயின்ட் விற்கும் கடைக்குப் போங்கள். அப்பாவின் நீலத்தை அங்கே கண்ணால் பார்த்தே தெரிவு செய்யலாம். ஆனால் வாகன ஸ்பிரே காரமானது, நேரே அடித்தால் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதையும் தூவுவது போல மெல்லிய பூச்சுகளாக. கிட்டின் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் மிஞ்சும் துண்டொன்றில் சோதித்த பிறகே காரின் பொடியில், அதாவது வெளிக்கூட்டில், கை வைக்க வேண்டும்.

மாரியில் அடிக்கவே வேண்டாம். ஈரக் காற்றில் பூச்சு பால் போல வெளுத்துப் போகும். கச்சான் காற்றுக் காலத்திலோ தூசி ஒட்டும். காற்று கிளம்ப முன் காலையிலேயே, ஒரு கடதாசிப் பெட்டிக்குள் வைத்து அடியுங்கள், யன்னலைத் திறந்து மாஸ்க் போட்டுக்கொண்டு. டின்னை வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

உயரம் குறைப்பதில்தான் பலர் அவசரப்படுவார்கள். 1/24 அளவில் ஒரு மில்லிமீற்றர் என்றால் நிஜக் காரில் 24 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். இரண்டு மில்லிமீற்றர் இறக்கினாலே மினி தரையைத் தேய்க்கிற மாதிரித் தெரியும். ஒன்று போதும் என்பது என் அபிப்பிராயம். ஒட்ட முன் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் பொருத்தி, சக்கரம் சுற்றும்போது பொடியில் உரசுகிறதா என்று பாருங்கள். ராலி விளக்குகளையும் போட்டி எண்களையும் விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது, அது வீட்டுக் கார்தான். விளக்குக்கான துளை ஏதும் தெரிந்தால் பிரைமருக்கு முன் பட்டி வைத்து அடைத்துத் தேயுங்கள்.

நிஜ மினி மூன்று மீற்றர் சொச்சம். உங்கள் மொடல் பதின்மூன்று சென்ரிமீற்றர் வரும். கண்ணாடிப் பெட்டி செய்விப்பதென்றால் இப்போதே அளவு கொடுத்து வையுங்கள்.

கேள்வி: உள்ளூர் இணையக் கடையில் வாங்கிய கார் கிட்டில் பாகங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டமே இல்லை. பெட்டியைத் திறந்துவிட்டதால் மாற்றித் தர முடியாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படி எண்ணுவது? பற்றுச்சீட்டு, பெட்டி, செய்முறைத் தாளிலுள்ள பாகப் படம், கையில் வந்த சட்டங்கள், எல்லாவற்றையும் படமெடுத்துக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். அதுவரை ஒரு துண்டைக்கூட வெட்டி ஒட்டிவிடாதீர்கள்.