சின்ன பெட்ரோல் டர்போவா, பெரிய டீசலா: எந்த இன்ஜின் அதிகம் திணறும்?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். 7,000 பவுண்டு கேம்பர் டிரெய்லர் வாங்கியிருக்கிறோம். வருஷத்துக்கு நாலைந்து பயணம், கோடையில் ஒருமுறை கொலராடோ. 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜின் (பெட்ரோல் டர்போ) உள்ள ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் பார்த்து வைத்தேன். "அத்தனை சின்ன இன்ஜினைப் பிழிந்தெடுக்கிறார்கள், சீக்கிரம் போய்விடும், டீசல் வாங்கு" என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: பிழிவதுதான் கவலை என்றால், டீசலைத்தான் கூடுதலாகப் பிழிகிறார்கள். 2021 முதல் வரும் 3.5 ஈகோபூஸ்ட் 500 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை) தருகிறது. ஃபோர்டின் இன்னும் பெரிய டிரக்கான எஃப்-250இல் கிடைக்கும் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசலின் உயர்திறன் வடிவம் 1,200. லிட்டருக்கு வகுத்துப் பாருங்கள்: பெட்ரோலுக்கு 143, டீசலுக்கு 179.

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எரிய விடுகிறார்கள். சிலிண்டரின் உச்ச அழுத்தம் 180 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்று வைத்துக்கொண்டால், 99 மி.மீ. பிஸ்டனின் தலையில் ஒவ்வொரு முறையும் சுமார் 14 டன் இறங்குகிறது. பெட்ரோல் டர்போவில் 100 பார் என்றால் 7 டன்தான். அந்த அடியைத் தாங்கத்தான் டீசலின் பிளாக்கைச் சாதாரண வார்ப்பிரும்பைவிட வலுவான இரும்பில் வார்க்கிறார்கள். கிராங்க்கும் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பேரிங்கும் தடி தடியாக இருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்த இரும்புக்குத்தான்.

பெட்ரோலுக்குத் தொல்லை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. டீசல் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஏறும் மேட்டில் இது 4,500 வரை போகும். சுற்று இரட்டித்தால், பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும்போது அதைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். அதைவிடப் பெரிய எதிரி சூடு. டீசலில் எரிந்தது போக மிச்சக் காற்று இருக்கும், அது குளிர்விக்கும். பெட்ரோலில் காற்றும் எரிபொருளும் 14.7-க்கு 1 என்று கச்சிதமாகத் தீர்ந்துவிடும். டர்போவுக்குள் நுழையும் புகை 950 டிகிரி செல்சியஸைத் தொடலாம். டீசலில் பெரும்பாலும் 700, 800தான். அதனால் பெட்ரோலில் முதலில் கஷ்டப்படுவது கிராங்க் அல்ல. டர்போவும் எக்ஸாஸ்ட் வால்வும்தான். அப்புறம் நாக்கிங், அதாவது ஸ்பார்க்குக்குப் பிறகு மிச்சக் கலவை ஒரேயடியாக வெடித்துத் தட்டுவது. குறைந்த சுற்றில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால், ஸ்பார்க் வருமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதும் உண்டு. அந்த ஒரு அடியில் பிஸ்டனே உடையலாம்.

ஆனால் இந்த இன்ஜின் நோஞ்சான் இல்லை. 2011இல் எஃப்-150க்கு வந்தபோது, 1,50,000 மைலுக்கு ஈடான சோதனை, மரம் இழுப்பது, மெக்சிகோவின் பாஹா 1000 பாலைவனப் பந்தயம் என்று ஒரே இன்ஜினைப் போட்டு வதைத்து, டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில் எல்லோர் முன்னாலும் பிரித்துக் காட்டினார்கள். விளம்பரம்தான், இருந்தாலும் துணிச்சலான விளம்பரம்.

வருஷத்துக்கு நாலைந்து பயணம் என்றால் அது முழுச் சுமையில் ஓடும் நேரம் மிகக் குறைவு. பெட்ரோலே போதும். மற்ற நாட்களில் கடைக்கும் பள்ளிக்கும் குட்டி ஓட்டமாக ஓட்டினால், டீசலின் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு தொல்லை தரும். வாராவாரம் 12,000 பவுண்டு இழுப்பவராக இருந்தால் நானே டீசலைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு விஷயம் கவனம். கொலராடோ பங்க்குகளில் ரெகுலர் பெட்ரோல் என்பது பல இடங்களில் 85 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு). மலையில் காற்று மெலிதாக இருப்பதால் பழைய டர்போ இல்லாத இன்ஜின்களுக்கு அது சரி. டர்போ அந்தக் காற்றைத் திரும்ப நெருக்கிவிடுவதால் உங்களுக்கு ஆகாது. டிரெய்லரோடு 91 போடுங்கள். டோ/ஹால் மோடை (சுமை இழுப்பதற்கான கியர் அமைப்பு) அழுத்துங்கள்; சுற்று ஏறி இரைந்தால் பயப்படாமல் விடுங்கள், அதுதான் நல்லது. ஆயில் 5,000 மைலில் மாற்றுங்கள், டப்பாவில் எபிஐ எஸ்பி (API SP) என்ற தர முத்திரை பார்த்து.

டீசலை நினைத்து ஏங்க வேண்டிய ஒரே இடம், கொலராடோ மலையில் ஐசன்ஹவர் சுரங்கம் தாண்டி சில்வர்தார்னுக்கு இறங்கும் 7 சதவீதச் சரிவு. டீசல்காரர்களுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை நெருக்கி இன்ஜினாலேயே வேகத்தைக் கட்டுவது) உண்டு. நீங்கள் சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள்.