வாசகர் கேள்வி – பதில்: மரத்தரையைத் தேய்ப்பதற்கு முன்பும் பின்பும்

கேள்வி: எங்கள் கூடத்தின் மரப்பலகைத் தரை, நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் மங்கிவிட்டது. இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, நாங்களே முழுவதையும் தேய்த்துப் புதிதாகப் பூச்சுக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் தேய்த்துத்தான் ஆக வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முழுதாகத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் பலகையின் கனத்தில் ஒரு பகுதி தூளாகப் போய்விடுகிறது. மங்கிய இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சில நிமிடங்கள் கவனியுங்கள். நீர் முத்தாகத் திரண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் காவல் காக்கிறது என்று பொருள். நீர் உள்ளே இறங்கி மரம் கருத்தால், பூச்சு அங்கே தேய்ந்துபோய்விட்டது. முதல் நிலையில் இருக்கும் தரைக்கு, மேற்பரப்பை நன்கு சுத்தம் செய்து, பழைய பூச்சின் பளபளப்பு மட்டும் போகுமளவு லேசாகத் தேய்த்து, மேலே ஒரு பூச்சுக் கொடுத்தாலே போதுமானது. பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேரே பெரிய இயந்திரத்தைத் தேடுவது வீண் வேலை என்பது என் கருத்து.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எப்போதாவது மெழுகு பூசப்பட்ட தரையில் புதிய பூச்சு ஒட்டாது. வெள்ளைத் துணியில் டர்பன்டைன் நனைத்து ஒரு மூலையில் துடைத்தால், மெழுகு இருக்குமானால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ துணியில் ஏறும்.

பலகையின் வகையையும் பார்த்துவிடுங்கள். முழுமரப் பலகை பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் கனமுடையது என்றாலும், ஒரு பலகையின் நாக்குப் போன்ற விளிம்பு அடுத்த பலகையின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) செருகி இணையும் இடத்துக்கு மேலே உள்ள ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் மட்டுமே தேய்ப்பதற்கு உதவும். ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய மரத்தகடு ஒட்டிய தரையானால், அந்தத் தகடு 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். அதன்மீது பெரிய இயந்திரத்தை ஏற்றவே கூடாது. கதவு நிலையருகிலுள்ள பட்டையைக் கழற்றிப் பார்த்தால் பலகையின் விளிம்பு தெரிந்துவிடும்.

கேள்வி: தேய்த்தே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. உப்புத்தாளை எந்த வரிசையில் பயன்படுத்துவது? நேரே மென்மையான தாளில் தொடங்கினால் மரத்துக்குச் சேதம் குறையாதா?

பதில்: குறையாது, நேரமும் தாளும்தான் வீணாகும். மென்மையான தாள் பழைய பூச்சை வெட்டாது, சூடேற்றி உருக்கும். உருகிய பூச்சு தாளை அடைத்துக்கொள்ளும். பூச்சு தடிமனாக இருந்தால் 36 அல்லது 40 எண் கொண்ட முரட்டுத் தாளில் தொடங்கி, 60, 80, 100 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளின் வேலையும் அதற்கு முந்தைய தாள் விட்ட கீறல்களை அழிப்பதுதான். ஆகையால் நடுவில் ஒரு படியைத் தாண்டினால் முரட்டுத் தாளின் கோடுகள் உள்ளே தங்கிவிடும். வெறும் மரத்தில் கண்ணுக்குப் படாத அந்தக் கோடுகள், சாயமோ பூச்சோ ஏறியவுடன் வரிவரியாக எழுந்து நிற்கும். அடுத்த தாளுக்குப் போகுமுன் தூளை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சாயம் ஏற்றும் எண்ணமிருந்தால் 120க்கு மேல் போக வேண்டாம். மிகவும் வழவழப்பான மரம் சாயத்தைச் சரியாகக் குடிக்காது.

உருளை இயந்திரத்தை மர ரேகையின் போக்கிலேயே நடத்த வேண்டும். அது நகரத் தொடங்கிய பிறகே உருளையை இறக்குங்கள். நிற்பதற்கு முன்பே தூக்கிவிடுங்கள். ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றாலும் அங்கே பள்ளம் விழும், அதைச் சமன் செய்யச் சுற்றுப்புறம் முழுவதையும் தாழ்த்த வேண்டியிருக்கும். முதன்முறை கையாளுபவர்களுக்கு வட்டமாக அதிர்ந்து தேய்க்கும் இயந்திரமே பாதுகாப்பானது. மெதுவாகத்தான் வேலை நடக்கும், ஆனால் பள்ளம் விழாது. எதைப் பயன்படுத்தினாலும், நீட்டிக்கொண்டிருக்கும் ஆணித்தலைகளை முன்னதாகவே உள்ளே இறக்கிவிடுங்கள்.

கேள்வி: சன்னலோரம் ஒரு கறுப்புக் கறை உள்ளது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லையே?

பதில்: மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஈரத்தின் துணையோடு இரும்புடன் சேரும்போது உண்டாகும் கறையாக அது இருக்கலாம், அது ஆழமாக இறங்கும். வெறும் மரத்தின்மீது ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி, பிறகு நன்றாகக் கழுவி உலரவிடுங்கள். அந்த அமிலம் நச்சுத்தன்மை உடையது, கையுறையும் கண்ணாடியும் அவசியம். அதற்கும் அசையாவிட்டால் அந்தப் பலகையை மாற்றிவிடலாம்.

கேள்வி: தரைப் பூச்சுக்கு எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேனா (வார்னிஷ் போன்ற பூச்சு), நீர் சார்ந்ததா? எத்தனை நாளில் சாமான்களை உள்ளே வைக்கலாம்?

பதில்: எண்ணெய் சார்ந்தது மரத்துக்கு இளமஞ்சள் நிறம் தரும், நாளடைவில் அந்த நிறம் கூடும்; ஒரு பூச்சு காய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், வாடையும் அதிகம். நீர் சார்ந்தது நிறம் மாறாது, சில மணி நேரத்தில் காயும், ஆனால் மெல்லியதாகப் படிவதால் கூடுதல் பூச்சு தேவைப்படும். டப்பாவைக் குலுக்காமல் கலக்குங்கள், குலுக்கினால் குமிழிகள் தரையில் பதியும். காய்வது வேறு, முழுமையாக இறுகுவது வேறு: இரண்டாவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை கம்பளம் விரிக்காதீர்கள், மேசை நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

எண்ணெய்ப் பூச்சு நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றைத் தண்ணீர் நிறைந்த, மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போட்டுவையுங்கள். இயந்திரத்தின் தூள்பையையும் அன்றன்றே காலி செய்து, தூளை வீட்டுக்கு வெளியே அகற்றிவிடுங்கள்.